உள்ளே வராத வண்டி

அரியலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குஞ்சம்மாள் மினரல்ஸ் என்று ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனி இருந்தது. சுரங்கத்தில் வெட்டிய கல்லை உடைத்து சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாக அனுப்புவது அதன் தொழில். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவில் இருந்தது தேவயானி ஒருத்திதான். எம்.சி.ஏ. படித்தவள். காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறி வருவாள், சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவாள். உட்கார இடம் கிடைத்தால் தூங்குவாள், கிடைக்காவிட்டால் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்பாள். 2003ஆம் வருஷக் கடைசியில் அவளுக்கு யோசிக்க நிறைய இருந்தது.

வாசலில் இருந்த எடைமேடையில் லாரிகள் தேங்க ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு வண்டியும் உள்ளே வரும்போது காலியாக ஒரு தடவை எடை போட வேண்டும். கல் ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்லின் எடை. இப்படி ஆறு வருஷமாக வந்துபோன எல்லா லோடும் கம்ப்யூட்டரில் ஒரே அட்டவணையில் குவிந்து கிடந்தது. எடைமேடை ஆபரேட்டர் வைரக்கண்ணு வண்டி நம்பரை அடித்தால், கம்ப்யூட்டர் அந்தக் குவியலுக்குள் போய்த் தேடிக்கொண்டு வருவதற்குள் அவர் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுவிடுவார். ஆபீஸில் யாராவது அதே நேரத்தில் பழைய வருஷத்து ரிப்போர்ட் எடுத்தால் மென்று முடித்தும்விடுவார். பின்னால் நிற்கும் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். தேவயானி தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். ஒரு மாதம் நன்றாக ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும்.

கடைசியில் மேனேஜர் வேணுகோபால் சென்னைக்குப் போன் போட்டு, சாப்ட்வேர் விற்ற கம்பெனியிலிருந்து ஆளை வரவழைத்தார். வந்தவர் டை கட்டியிருந்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, டேட்டாபேஸின் பெரிய பதிப்பை வாங்க வேண்டும் என்றார். அதற்கு மேல் ‘பார்ட்டிஷன்’ என்று ஒரு வசதி தனி விலைக்கு உண்டு. அதையும் வாங்கினால் அட்டவணையை வருஷவாரியாக அதுவே பிரித்து வைத்துக்கொள்ளும்.

விலையைக் கேட்டதும் வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரக் குடும்பம் அவருடையது. பார்ட்டிஷன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

சென்னைக்காரரை வழியனுப்பிவிட்டுத் தேவயானியிடம் சொன்னார்: “எங்க வூட்லயும் ஒரு பார்ட்டிஷன் நடந்துச்சும்மா. நாலு அண்ணந்தம்பி. இன்னைக்கி வரைக்கும் ஒருத்தன் வூட்டுக் காப்பிய ஒருத்தன் குடிக்கிறதில்ல. இவரு சொல்ற வெலைக்கு ரெண்டாவது எடமேடையே போட்டுடலாம்.”

“வாங்க வேணாம் சார். நாமளே பிரிச்சுக்கலாம்.”

“எப்படி?”

“வருஷத்துக்கு ஒரு அட்டவணை. பழசெல்லாம் அதது எடத்துல தனித்தனியாப் போயிடும். இந்த வருஷத்தது மட்டும் வாசல்ல இருக்கும். வைரக்கண்ணு அண்ணன் நம்பர் அடிச்சா அதுல மட்டும் தேடும். உங்களுக்கு ரிப்போர்ட் வேணும்னா எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் காட்டுற மாதிரி மேல ஒரு வியூ எழுதி வெச்சுடுறேன். பிரிச்சதே உங்களுக்குத் தெரியாது.”

“அப்படின்னா அவரு ஏன் வெல சொல்றாரு?”

“அவருதுல தானா நடக்கும். இதுல நான் செய்யணும்.”

வேணுகோபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “செய். ஆனா ஒரு எழுத்து மாறக்கூடாது.”

“ஒரு புள்ளி கூட மாறாது சார்,” என்றாள் தேவயானி.

சுரங்கத்துக்குப் பொங்கல் லீவு விட்டதும் வேலையை ஆரம்பித்தாள். மாட்டுப் பொங்கலன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கொம்புக்கு வர்ணம் பூசிய ஒரு மாடு நிழற்குடைக்குள் நின்றுகொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் நின்று பஸ் ஏறினாள். காலியான ஆபீஸில் தனியாக உட்கார்ந்து, முதலில் மொத்தத்துக்கும் ஒரு நகல் எடுத்து அதில் ஒத்திகை பார்த்தாள். பிறகு நிஜத்தில் கை வைத்தாள். ஒரேயடியாக அள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். எடுத்த இடத்தில் எண்ணி, போட்ட இடத்தில் எண்ணி, இரண்டும் சரியாக இருந்த பிறகே பழைய இடத்தில் அழித்தாள். ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு காவலும் போட்டாள். 2003இன் அட்டவணைக்குள் 2003 தேதி உள்ள லோடு மட்டும்தான் நுழையலாம், 2004க்குள் 2004 மட்டும்தான். இந்தக் காவல் இருந்தால்தான் ஒரு வருஷத்தைக் கேட்கும்போது கம்ப்யூட்டர் மற்ற வருஷங்களைத் தொடாமல் நேரே அங்கே போகும்.

லீவு முடிந்த திங்கட்கிழமை காலை வைரக்கண்ணு முதல் வண்டியின் நம்பரை அடித்தார். விரலை எடுப்பதற்குள் திரையில் விவரம் வந்துவிட்டது. அவர் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு தேவயானியின் அறை ஜன்னலுக்கு வந்து, “வெத்தலப் பையத் தொறக்கவே நேரமில்லம்மா,” என்று புகார் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். தேவயானிக்குக் காலைச் சாப்பாடு சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட மறந்துபோயிருந்தது.

இந்தச் சந்தோஷம் பதினோரு மணிவரை நீடித்தது. அப்போதுதான் ஒரு மோட்டார் பைக்கில் அமாவாசை வந்தார். பின்னால் அரியமுத்து என்று ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

அமாவாசை திருமழபாடிக்காரர். சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர். டிசம்பர் கடைசியில் காலியாக உள்ளே வந்து, எடை போட்டு, கல்லும் ஏற்றிக் கிளம்பும்போது கியர் பாக்ஸ் போய்விட்டது. லோடோடு, கல் ஏற்றும் யார்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் திருச்சிக்கும் அரியலூருக்கும் அலைந்தார். சாமான் கிடைத்தபோது மெக்கானிக் கிடைக்கவில்லை. மெக்கானிக் கிடைத்தபோது பொங்கல் வந்துவிட்டது. அன்று காலையில்தான் மெக்கானிக் வேலை முடிந்ததென்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதற்கு நடுவில் அவருக்குக் கல்யாணப் பேச்சு வேறு. வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண், பெயர் அமிர்தவல்லி. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. முந்தின நாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கத் திருமழபாடிக்கு வந்தார்கள். வீடு பிடித்தது, கொள்ளிடத்தில் குளித்தது பிடித்தது, சாப்பாடு ரொம்பப் பிடித்தது. ஆனால் மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி இருக்கிறதென்று தரகர் சொல்லியிருந்தார். வாசலில் லாரி இல்லை. பெண்ணின் தாய்மாமன் அரியமுத்து மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மற்றவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் மட்டும் தங்கிவிட்டார். “வண்டியப் பாத்துட்டே போறேன் மாப்ள,” என்று சொல்லிப் பைக்கில் ஏறி வந்துவிட்டார்.

அமாவாசை பெருமையோடு எடைமேடை ஜன்னலில் நின்று நம்பரைச் சொன்னார். “உள்ள நம்ம வண்டி நிக்குதுண்ணே. எடுக்கணும்.”

வைரக்கண்ணு அடித்தார். திரை உடனே பதில் சொன்னது.

“இந்த நம்பர்ல உள்ள வண்டி எதுவும் இல்லையே.”

“நல்லாப் பாருங்கண்ணே. டிசம்பர்ல வந்தேன். நீங்கதான எட போட்டீங்க.”

“ஞாபகம் இருக்குப்பா. ஆனா கம்ப்யூட்டர்ல நீ வரவே இல்ல.”

அரியமுத்து துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப வண்டி உள்ளயே வரலையா தம்பி?” என்று கேட்டார். பைக்கில் வரும்வரை மாப்பிள்ளையாக இருந்தவர் ஒரு நொடியில் தம்பி ஆகிவிட்டதை அமாவாசை கவனித்தார்.

சத்தம் கேட்டுத் தேவயானி வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் எங்கே இடித்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டிசம்பரில் உள்ளே வந்த லோடு என்பதால், பொங்கல் லீவில் அவளே அதைப் பழைய வருஷத்துக்கு அனுப்பிவிட்டாள். வாசலில் இருந்த 2004 அட்டவணையில் அது இல்லை.

“வண்டி உள்ளதாங்க இருக்கு. கம்ப்யூட்டர்லதான் கொஞ்சம் எடம் மாறிடுச்சு. வாங்க, காட்டுறேன்,” என்று அரியமுத்துவை யார்டுக்கு அழைத்துப் போனாள்.

வெள்ளைத் தூசி படிந்து வண்டி நின்றிருந்தது. அரியமுத்து அதைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். கதவில் எழுதியிருந்த பெயரையும் ஊரையும் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நிக்கிற வண்டிதான். ஓடுமா?”

அமாவாசை ஏறிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரே முயற்சியில் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எடைமேடையில் ஏற்றினார். எடை விழுந்தது. ஆனால் காலி எடை இல்லாமல் கல்லின் எடை வராது, கல்லின் எடை வராமல் சீட்டு வராது, சீட்டு வராமல் வாசலுக்குக் குறுக்கே இருந்த கட்டை மேலே போகாது. வண்டி அங்கேயே நின்றது.

“ஓடுது,” என்றார் அரியமுத்து. “ஆனா வெளிய போவ மாட்டேங்குது.” பிறகு ஷெட்டு நிழலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “போறதப் பாத்துட்டே நான் ஊருக்குப் போறேன்.”

கல்லை இறக்கிவிட்டுக் காலியாக எடை போடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அமாவாசையுடையது பழைய பாடி கட்டிய வண்டி. தானாகத் தூக்கிக் கொட்டாது, ஆட்கள்தான் இறக்க வேண்டும். இறக்குகிற ஆட்களோ பொங்கலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. காலி எடையைக் கையால் அடிக்கவும் முடியாது. தராசிலிருந்து வருகிற எடையைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பூட்டியது தேவயானிதான்.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அவள் தன் அறைக்கு ஓடினாள். ஒரே ஒரு வரி. 2003இலிருந்து எடுத்து 2004இல் போட்டால் முடிந்தது. போட்டாள். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. இது 2003 தேதி, உள்ளே விட மாட்டேன் என்றது. அவள் போட்ட காவல்தான். அவளையே நிறுத்தியது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறதே என்று ஒரு பக்கம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்யாணம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. காவலை அவிழ்த்துவிட்டால் மேலே எழுதிய வியூ தடுமாறும், வேணுகோபாலின் ரிப்போர்ட்டுகள் மறுபடி நொண்டும்.

வேணுகோபாலே வந்துவிட்டார். “என்னம்மா, வாசல்ல பொண்ணு வூட்டுக்காரரு உக்காந்திருக்காராம்?”

சொன்னாள்.

“இவ்ளோதானா? உள்ள வந்த தேதிய ஜனவரின்னு மாத்திடு. யாரு பாக்கப் போறா?”

“ஒரு புள்ளி கூட மாறாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனே சார்.”

“எனக்குத்தான சொன்ன? நானே மாத்தச் சொல்றேன்.”

“இன்னைக்கி ஒண்ணு மாத்தினா நாளைக்கி நீங்க ஒரு ரிப்போர்ட்டப் பாத்துட்டு இது நெசமான்னு கேட்டா, நான் நெசம்னு சொல்ல முடியாது சார்.”

வேணுகோபால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று அவளுக்குப் பழக்கத்தில் தெரியும்.

அமாவாசைக்கு இப்படி ஆகியிருந்தால் வேறு யாருக்காவது ஆகியிருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. பழைய அட்டவணைகள் எல்லாவற்றிலும், உள்ளே வந்து இன்னும் வெளியே போகாத வண்டிகளைக் காட்டச் சொன்னாள். ஒரு சின்னப் பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி, அமாவாசையின் லாரியைத் தவிர இன்னும் சில வண்டிகள் வருஷக்கணக்காக யார்டுக்குள் நின்றுகொண்டிருந்தன. வைரக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒன்று, கல் சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டுக் காலியாகவே திரும்பிப் போன வண்டி. இன்னொன்று, கரண்ட் இல்லாத நாளில் கையால் சீட்டு எழுதி அனுப்பியது. மூன்றாவது நம்பரைப் பார்த்ததும் வைரக்கண்ணு மேனேஜரைப் பார்த்தார்.

“இது லாரி நம்பர் இல்லையே அண்ணே?”

“டிராக்டரும்மா. கரும்பு லோடு.”

“சுண்ணாம்புக்கல் கம்பெனிக்குக் கரும்பு எதுக்கு வருது?”

வேணுகோபால் தொண்டையைக் கனைத்தார். “அது நம்ம டிராக்டர்தான். சக்கர ஆலையில எடை சரியாப் போடுறானான்னு ஒரு சந்தேகம். போற வழியில இங்க ஒருக்கா ஏத்திப் பாத்தேன்.” பிறகு, “சரியாத்தான் போட்டிருந்தான்,” என்று சேர்த்துக்கொண்டார்.

வைரக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. தேவயானியும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பிரித்தது தப்பில்லை. பிரித்த இடம்தான் தப்பு. வண்டி உள்ளே வந்த தேதியை வைத்துப் பழசு எது புதுசு எது என்று முடிவு செய்திருந்தாள். வந்துவிட்டால் மட்டும் ஒரு லோடு முடிந்துவிடுமா?

“சார், பில்லு எந்தத் தேதியில போடுவீங்க? வண்டி உள்ள வந்த அன்னைக்கா, வெளிய போன அன்னைக்கா?”

“வெளிய போன அன்னைக்கித்தான். போகாத கல்லுக்கு எவன் பில்லு போடுவான்?”

“அப்படின்னா டிசம்பர் கடைசியில வந்து ஜனவரியில போனது?”

“ஜனவரிக் கணக்குத்தான். எப்பவுமே அப்படித்தான்.”

தேவயானி விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள். ஒரு லோடு வெளியே போன வருஷம்தான் அதன் வருஷம். வெளியே போகாத வண்டி எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லை. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை, வாசல் அட்டவணையிலேயே இருக்கட்டும். காவலின் கேள்வியை மட்டும் மாற்றினால் போதும். ‘எப்போது வந்தாய்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எப்போது போனாய்’ என்று கேட்க வேண்டும். இன்னும் போகவில்லை என்றால் வாசலிலேயே இருந்துகொள் என்று விட்டுவிட வேண்டும்.

இதற்காக எடைமேடையைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. வைரக்கண்ணு வெளியே போய்க் காரணத்தைச் சொன்னார். மற்ற நாளாயிருந்தால் ஹாரன் காதைக் கிழித்திருக்கும். அன்றைக்கு டிரைவர்கள் எல்லாரும் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் டீ வாங்கி வந்து அரியமுத்துவுக்குக் கொடுத்தார். ஆளாளுக்கு அமாவாசையைப் புகழ ஆரம்பித்தார்கள்.

“தங்கமான ஆளுங்க. பீடி, தண்ணி ஒண்ணும் கெடையாது.”

“வண்டியக் கொழந்த மாதிரி பாத்துக்குவாரு.”

“அவரு ஓட்டினா தூங்கிக்கிட்டே வரலாம். ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவதான் பள்ளத்துல எறங்குச்சு.”

“எந்தப் பள்ளம்?” என்று அரியமுத்து டீ கிளாஸை இறக்கினார்.

“அது மாடு குறுக்க வந்துச்சு மாமா,” என்றார் அமாவாசை அவசரமாக. “மாட்டுக்கு ஒண்ணும் ஆவல.”

அரியமுத்து அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “மாட்டக் காப்பாத்தப் பள்ளத்துல எறக்கினியா?”

“ஆமாங்க.”

“ம்,” என்றார் அவர். மீதி டீயைக் குடித்தார்.

உள்ளே தேவயானி காவல்களை அவிழ்த்து, புதுக் கேள்வியோடு திரும்பக் கட்டினாள். ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் வந்து ஜனவரியில் போன லோடுகளை அதற்கடுத்த வருஷத்துக்கு நகர்த்தினாள். நின்றுகொண்டிருக்கிற வண்டிகளை, வேணுகோபாலின் டிராக்டர் உட்பட, வாசல் அட்டவணைக்குக் கொண்டுவந்தாள். எண்ணினாள். சரியாக இருந்தது. வேணுகோபாலின் வருஷ ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். உடனே வந்தது, அதுவும் சரியாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள்.

அமாவாசை வண்டியை மறுபடி எடைமேடையில் ஏற்றினார். வைரக்கண்ணு நம்பரை அடித்தார். காலி எடை வந்தது, டிசம்பர் தேதியோடு, வந்த நேரத்தோடு. பிரிண்டர் கறகறவென்று சீட்டைத் தள்ளியது. வாசல் கட்டை மேலே போனது. டிரைவர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அரியமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி பக்கம் நடந்தார். “நானும் சிமெண்ட் ஆல வரைக்கும் வரேன் மாப்ள. கதவத் தொற,” என்றார். அமாவாசை எட்டிக் கதவைத் திறந்துவிட்டு அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். பைக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. வைரக்கண்ணு அதைத் தள்ளிக்கொண்டு போய் ஷெட்டுக்குள் நிறுத்தினார்.

வண்டி ரோட்டில் திரும்பி மறையும்வரை வேணுகோபால் ஜன்னலருகே நின்றார். “தேவயானி,” என்றார், “அந்தக் கரும்பு டிராக்டர மட்டும் அழிச்சுட முடியாதா?”

“அழிக்க முடியாது சார். ஆனா கல் ஏத்தாமத் திரும்பிடுச்சுன்னு முடிச்சு வெச்சுடலாம். அது உண்மைதான?”

“உண்மைதான்,” என்று ஒப்புக்கொண்டு அவர் தன் அறைக்குப் போனார். சென்னைக்காரர் கொடுத்துவிட்டுப் போயிருந்த விலைப்பட்டியலின் மேல் ‘தற்போது தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலுக்கு அனுப்பினார்.

மாசி மாதம் திருமழபாடியில் கல்யாணம். கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறையப் போனார்கள். தேவயானி மணமக்களுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது, அரியமுத்து அவள் இலைக்கு நேரே வந்து நின்று தானே பாயசம் ஊற்றினார். அமிர்தவல்லியும் பின்னாலேயே வந்து, “இவங்கதானா மாமா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

“ஏம் பாப்பா,” என்றார் அரியமுத்து, குனிந்து. “எங்கூரு பால் சொசைட்டியில ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கான். விடியக்காலம் பால் ஊத்த நின்னா, சீட்டு வாங்கறதுக்குள்ள வெயில் ஏறிடுது. அதுக்குள்ளயும் பழசெல்லாம் அடைஞ்சு கெடக்குமோ?”

“இருக்கலாங்க. எத்தன வருஷமா வெச்சிருக்காங்க?”

“வெச்சதுலருந்து ஒருத்தரும் கூட்டிப் பெருக்கல.”

தேவயானி சிரித்தாள். “ஞாயித்துக்கெழம வரட்டுங்களா?”

“வா. பஸ் ஸ்டாப்புல நானே நிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி பாயசத்தையும் ஊற்றிவிட்டு அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.